வாசகர் கேள்வி: நான்காவது முறையாகத் தர இயக்கம், இதுவாவது நிற்குமா?

கேள்வி:

ஐயா, உதிரிபாகங்கள் கடைந்து தரும் ஒரு தொழிற்சாலையில் தரப்பிரிவு மேலாளராக இருக்கிறேன். மூன்று ஷிஃப்ட்டும் சேர்த்து சுமார் 300 பேர். ஏழு வருடங்களில் ஐஎஸ்ஓ 9001 தரச் சான்றிதழ் வாங்கினோம், வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் ஃபைவ் எஸ் செய்தோம், பிழைகளை எண்களால் அளந்து குறைக்கும் சிக்ஸ் சிக்மா பயிற்சிக்கு எட்டுப் பேரை அனுப்பினோம். ஒவ்வொன்றும் ஆறு மாதம் சூடாக இருந்து ஆறிப்போனது. போன வருடம் 'குறையே இல்லாத மாதம்' என்று ஒரு பரிசுத் திட்டம் வந்தது. அதற்கப்புறம் ரிஜெக்‌ஷன் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. ஆனால் வாடிக்கையாளர் புகார்கள் அப்படியேதான் வருகின்றன. இப்போது புதிய நிர்வாக இயக்குநர், தரக் கலாச்சாரத்தை உருவாக்கப் போகிறோம் என்று, வீண் வேலைகளைக் குறைக்கும் லீன் முறையைத் தொடங்குகிறார். தொடக்கக் கூட்டத்தில், நிறுவனங்கள் ஏன் இந்த மேம்பாட்டு முறைகளைக் கடைப்பிடிக்கின்றன என்று நான் 20 நிமிடம் பேச வேண்டுமாம். இதைக் கேள்விப்பட்ட ஒரு மூத்த ஆபரேட்டர் என்னிடம் வந்து, "மேடம், மூணாம் நம்பர் மெஷின்ல கிளாம்ப் தளர்ந்திருக்குன்னு சொல்லி எட்டு மாசம் ஆச்சு. அதைச் சரிபண்ணிட்டுப் பேசுங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த முறைகளால் உண்மையிலேயே கலாச்சாரம் வருமா? வராது என்றால் நிறுவனங்கள் ஏன் திரும்பத் திரும்ப இதையே செய்கின்றன? நான் என்ன பேசட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்தக் கிளாம்ப் (பாகத்தை மெஷினில் இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில், நிறுவனங்கள் ஏன் இவற்றைக் கையில் எடுக்கின்றன என்பது. மேடைகளில் சொல்லப்படும் காரணங்களை விட்டுவிட்டு, நான் கண்ணால் பார்த்தவற்றைச் சொல்கிறேன். பெரும்பாலும் வாடிக்கையாளர் கேட்கிறார்; சான்றிதழ் இல்லையென்றால் ஆர்டர் இல்லை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1987-ல் ஐஎஸ்ஓ 9000 வரிசைத் தரநிலைகள் வெளிவந்ததிலிருந்து, வாங்குபவரும் விற்பவரும் ஒரே அளவுகோலை நடுவில் வைத்துப் பேச முடிகிறது. அது நல்ல விஷயம்தான். வேறு சில இடங்களில் ஒரு பெரிய புகார், திரும்பி வந்த ஒரு லாட், கைநழுவிய ஒரு வாடிக்கையாளர் என்று ஏதோ ஓர் அடி விழுந்திருக்கும். அந்த வலி ஆறுவதற்குள் எதையாவது தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் இந்த இரண்டுக்கும் அடியில் வேறொரு காரணம் இருக்கிறது. பல நிர்வாகிகள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நிறுவனம் வளரும்போது முதலாளியின் கண் எட்டாமல் போகிறது. இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில், எந்தக் கருவி எப்போது மழுங்கும், எந்த இரும்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் நடந்து வந்தாலே தவறு நின்றுவிடும். 300 பேர், மூன்று ஷிஃப்ட் என்று ஆனபிறகு அவரால் இரவு இரண்டு மணிக்கு மெஷின் பக்கத்தில் நிற்க முடியாது. தலைக்குள் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து, ஒரு கேஜில் (அளவு சரிபார்க்கும் கருவி), ஒரு வேலைக் குறிப்பில், ஒரு பதிவேட்டில் வைத்தாக வேண்டும். இந்த முறைகள் எல்லாமே, பெயர் எதுவானாலும், அந்த வேலையைச் செய்யத்தான் வந்தன.

இதில் ஒரு கணக்கும் உண்டு. இதை உங்கள் நிர்வாக இயக்குநருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பொருள் முப்பது கட்டங்களைத் தாண்டி வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக வருகிறது. கேட்பதற்கு நல்ல நிலைமை போலத்தான் இருக்கும். முப்பது கட்டத்துக்கும் பெருக்கிப் பாருங்கள்: முதல் தடவையிலேயே சரியாக வெளிவருவது நூற்றுக்குச் சுமார் 74 மட்டும். மீதி 26-ஐ யாரோ எங்கேயோ தேய்த்து, திருப்பி, மறுபடி கடைந்து சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 99.9 சதவீதம் என்று உயர்த்தினால் அதே முப்பது கட்டத்துக்கு 97 கிடைக்கும். 1986-ல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் என்ற பொறியாளர் சிக்ஸ் சிக்மாவை முன்வைத்தபோது, பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 பிழை என்ற அளவு எட்டாத உயரமாகத் தெரிந்தது. கட்டங்களைப் பெருக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த எண் மிகையாகத் தெரியாது.

அந்த 26-ஐச் சரிசெய்யும் வேலைக்கு ஆர்மண்ட் ஃபைகன்பாம் என்ற தர நிபுணர் ஒரு பெயர் வைத்தார்: மறைந்திருக்கும் ஆலை. உங்கள் தொழிற்சாலைக்குள்ளேயே இன்னொரு தொழிற்சாலை ஓடுகிறது. அதற்கும் ஆள் இருக்கிறார்கள், மின்சாரம் செலவாகிறது, இடம் போகிறது. ஆனால் எந்த அறிக்கையிலும் அது வராது, ஏனென்றால் அதன் வேலை எல்லோருக்கும் பழகிப்போய் 'வேலை' என்றே ஆகிவிட்டது. ரீவொர்க் மேசையில் பத்து வருடமாக இருப்பவரைக் கேட்டால் தன் வேலை தேவையானது என்றுதான் சொல்வார். தேவையானதுதான், வேறெங்கோ இருக்கும் காரணம் தீராதவரை.

சரி, இவ்வளவு நியாயமான காரணங்கள் இருந்தும் ஏன் ஆறு மாதத்தில் ஆறிப்போகிறது? நான் நெடுநாள் யோசித்த விஷயம் இது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1924 மே மாதம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் என்ற பொறியாளர் தன் மேலதிகாரிக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். அதில் இன்று நாம் கண்ட்ரோல் சார்ட் என்று சொல்லும் வரைபடம் இருந்தது. அவர் கண்டுகொண்டது இது: எந்த வேலையிலும் அளவு கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதில் ஒரு பகுதி அந்த வேலையின் அமைப்போடு சேர்ந்தே வருவது. மெஷினின் ஆட்டம், மூலப்பொருளின் வேறுபாடு, அறையின் வெப்பம் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் இயல்பான சிதறல். இன்னொரு பகுதி குறிப்பிட்ட ஏதோ ஒன்று நடந்ததால் வருவது. கருவி உடைந்தது, தவறான பேட்ச் வந்தது, அந்த மாதிரி. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதல் வகையைப் பணியாளரால் மாற்ற முடியாது, அமைப்பை மாற்றும் அதிகாரம் உள்ளவரால்தான் முடியும்.

இது புள்ளியியல் பாடம் மாதிரி தெரியும். ஆனால் ஒரு தொழிற்சாலையில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது முழுக்க இதைப் பொறுத்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 4000 மணிகள். அதில் 3200 வெள்ளை, 800 சிவப்பு. ஐம்பது குழிகள் உள்ள ஒரு துடுப்பை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மட்டும்தான் வேண்டும், சிவப்பு குறை. வகுப்பிலிருந்து சிலரை 'பணியாளர்' ஆக்கி எடுக்கச் சொல்வார். ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும், இன்னொருவருக்குப் பதினான்கு வரும். ஆறு எடுத்தவருக்குப் பாராட்டு, பதினான்கு எடுத்தவருக்கு எச்சரிக்கை. அடுத்த சுற்றில் எண்கள் இடம் மாறிவிடும். பெட்டியில் ஐந்தில் ஒரு மணி சிவப்பாக இருக்கும்வரை எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சராசரியாகப் பத்துக்குப் பக்கத்தில்தான் வரும். பாராட்டும் எச்சரிக்கையும் எதையும் மாற்றவில்லை. நாலு சுற்று முடிவதற்குள் எடுத்தவர்கள் முகம் வாடியிருக்கும். அந்த முகங்களை நான் நிஜமான மெஷின்களுக்குப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதில் ஒரு முகத்தைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தொழிற்சாலையில் இறுதி ஆய்வுப் பிரிவில் இருந்தேன். ஓர் இரவு ஷிஃப்ட்டில் ஒரு பேட்ச் முழுக்கத் துளை அளவு பெரிதாக வந்துவிட்டது. ஓட்டியவரிடம் போனேன். கையில் மைக்ரோமீட்டர் இருந்தது. இரண்டு மணி நேரமாக அளவு நகர்ந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க சார். ஓட்டினா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அந்தப் பதிலை நான் அறிக்கையில் எழுதவில்லை. காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்றும், நடவடிக்கை என்ற கட்டத்தில் 'அறிவுறுத்தப்பட்டது' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றுவரை அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அந்த நிறுவனத்தின் தரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை முழுவதையும் அந்த மனிதர் இரண்டே வரியில் சொல்லியிருந்தார். நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்மேலேயே பழியைப் போட்டேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் எதையும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தரக் கலாச்சாரம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். 'இங்கே ஏதோ சரியில்லை' என்று ஒருவர் சொன்னபிறகு வரும் பத்து நிமிடத்தில் அவருக்கு என்ன நடக்கிறது என்பது. சுவரில் ஒட்டிய வாசகமும் உறுதிமொழியும் அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நிற்காது. யாராவது உடனே வந்து பார்த்து, காரணத்தைத் தேடி, சொன்னவருக்குத் திரும்பி வந்து பதில் சொன்னால், நாளைக்கும் அவர் சொல்வார். முகம் சுளித்தால் இனி சொல்ல மாட்டார். 300 பேரிடம் தினமும் இப்படி நடப்பதன் மொத்தம்தான் கலாச்சாரம். அதை நேரடியாக உருவாக்க முடியாது, உத்தரவு போட்டு வரவழைக்கவும் முடியாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஏற்பாடு செய்ய முடியும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: மனதை மாற்ற நேர்வழி இல்லாததால் நிறுவனங்கள் பழக்கத்தை மாற்ற முறைகளைக் கைக்கொள்கின்றன. அது சரியான முடிவுதான். பிழை எங்கே வருகிறது என்றால், முறையின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பத்து நிமிடத்தைப் பழையபடியே விட்டுவிடுவதில்.

இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். இரண்டும் நன்றாகப் பதிவானவை.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் ஓயாத சண்டை, நாள்தோறும் வேலைக்கு வராதவர்கள் ஏராளம், தரமும் மோசம். 1982-ல் மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவுடன் சேர்ந்து அதே ஆலையை நும்மி என்ற பெயரில் திறந்தார்கள். ஆட்களில் பெரும்பாலானோர் பழைய ஆலையில் இருந்தவர்களே, தொழிற்சங்கமும் அதேதான். சில குழுக்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பழைய ஆலையில் எது நடந்தாலும் லைனை நிறுத்தக் கூடாது என்பது எழுதாத சட்டம். புதிய ஆலையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு. சந்தேகம் வந்தால் இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார், உதவ. அந்தக் கட்டத்துக்குள் தீராவிட்டால் லைன் நிற்கும். இரண்டு வருடத்துக்குள் அங்கே தயாரான கார்களின் தரம் ஜப்பானிய ஆலைகளோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது. அதே மனிதர்கள்! ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுபோக முயன்றபோது அவ்வளவு எளிதாக வரவில்லை. பல வருடம் பிடித்தது. கயிற்றைக் கட்டுவது ஒரு நாள் வேலை. இழுத்தவனிடம் ஓடி வந்து 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்கும் மேற்பார்வையாளர் அப்படி ஒரு நாளில் கிடைப்பதில்லை.

இன்னொன்று மருத்துவமனைகளில் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்த முடிவுகள் 2009-ல் வந்தன. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. ஒருமுறை வாய்திறந்து பேசியவர், பிறகு ஏதாவது தவறாகத் தெரிந்தாலும் பேசுவார் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் முழுக்க இதே பட்டியல் கட்டாயமாக்கப்பட்டது. 101 மருத்துவமனைகளை வைத்து 2014-ல் வந்த ஆய்வில் இறப்பிலோ சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இத்தனைக்கும் பட்டியலை ஏறக்குறைய முழுமையாகக் கடைப்பிடிப்பதாகத்தான் மருத்துவமனைகள் அறிக்கை கொடுத்திருந்தன. ஏன் என்பதில் இன்னும் வாதங்கள் உண்டு. என் அனுபவத்தில் வைத்துப் பார்த்தால், டிக் அடிப்பதும் பேசுவதும் காகிதத்தில் ஒன்றுபோலவே தெரியும். தணிக்கைக்குப் போகும் எல்லோருக்கும் இது தெரியும்.

இனி உங்கள் தொழிற்சாலைக்கு வருகிறேன். ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்தது, புகார் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்களிடம் குறைந்திருப்பது குறையைச் சொல்வது மட்டும்தான் என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. பரிசு அப்படித்தான் வேலை செய்யும். மாதக் கடைசியில் ஒரு பாகம் அளவில் கொஞ்சம் தள்ளி நின்றால், முழுக் குழுவின் பரிசையும் கெடுக்க யாருக்கு மனம் வரும்? அந்தப் பாகம் நல்ல பாகங்களோடு சேர்ந்து வெளியே போகும். நிர்வாகிகளுக்கு டெமிங் சொன்ன பதினான்கு கருத்துகளில் எட்டாவது, பயத்தை விரட்டுங்கள் என்பது. பத்தாவது, பணியாளர்களைப் பார்த்து 'பூஜ்ஜியக் குறை' என்று முழக்கமிடுவதையும் இலக்கு வைப்பதையும் விடுங்கள் என்பது. முன்பு இவை இரண்டும் தனித்தனி அறிவுரைகள் என்று எண்ணியிருந்தேன். இரண்டும் ஒன்றுதான். பரிசை நிறுத்தச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் கைவிடாமல், ஏன் நிறுத்துகிறோம் என்று காரணத்தோடு அறிவித்து நிறுத்த வேண்டும்.

அடுத்ததாக, கூட்டத்துக்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, கடந்த ஒரு வருடத்துத் திருத்த நடவடிக்கைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'கவனக்குறைவு', 'அறிவுறுத்தப்பட்டது', 'மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்று முடிந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். தணிக்கைக்குப் போகும் இடங்களில் நான் முதலில் செய்வது இதுதான். பாதிக்கு மேல் அப்படி முடிந்திருந்தால், சிவப்பு மணிகளுக்காக ஆட்களைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த எண்ணை நிர்வாக இயக்குநரிடம் தனியாகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கூடவே ஐஎஸ்ஓ 9001-ன் 2015 பதிப்பில் 7.1.4 என்ற பிரிவையும் காட்டுங்கள். வேலைச் சூழல் பற்றிய அந்தப் பிரிவின் குறிப்பில், அமைதியான, மோதல் இல்லாத சூழல், மன அழுத்தத்தைக் குறைக்கும் சூழல் என்றெல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. வெப்பமானி மாட்டியதோடு இந்தப் பிரிவு முடிந்தது என்று பலரும் கடந்துபோகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிய தரநிலை இது; புதிதாக எதையும் கேட்கவில்லை.

லீன் முறையா, வேறொன்றா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். எதுவானாலும் பரவாயில்லை. ஆனால் 300 பேருக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம் என்று மட்டும் மன்றாடிக் கேளுங்கள். ஒரே ஒரு லைனை எடுங்கள். அங்கே ஆபரேட்டர் கூப்பிடுவதற்கு ஒரு வழி வையுங்கள். விளக்கு, மணி, கொடி எது வேண்டுமானாலும் சரி. கூப்பிட்டதிலிருந்து சூப்பர்வைசரோ உங்கள் ஆளோ வந்து நிற்கும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்று மட்டும் எழுதி வாருங்கள். முதல் மூன்று மாதம் வேறு எந்த அளவையும் பலகையில் போட வேண்டாம். வருபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'என்ன பார்த்தீங்க?' என்பது. 'ஏன் நிறுத்தினீங்க?' என்ற கேள்வியை அந்த லைனில் யாரும் வாய்திறந்து கேட்கக் கூடாது. இதை சூப்பர்வைசர்களுக்குத் தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அவர்களும் உற்பத்தி எண்ணிக்கைக்குப் பதில் சொல்பவர்கள் என்பதை மறக்கக் கூடாது. லைன் நின்ற நிமிடங்களுக்காக அவர்களைக் கேள்வி கேட்கப்போவதில்லை என்று நிர்வாக இயக்குநர் நேரில் உறுதி கொடுத்தால்தான் அவர்கள் கேட்பார்கள். 1950-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கத்தின் அழைப்பில் அங்கே போன டெமிங், பொறியாளர்களுக்கு வகுப்பு எடுத்ததோடு நிற்காமல் நிறுவனத் தலைவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். அமைப்பை மாற்றும் சாவி அவர்கள் கையில் இருந்தது.

ஒரு விஷயத்தை இப்போதே எச்சரித்து வைக்கிறேன். இது சரியாக நடந்தால் முதல் இரண்டு மூன்று மாதங்களில் பதிவாகும் குறைகளின் எண்ணிக்கை ஏறும், அதுவும் நன்றாகவே ஏறும். இதுவரை ஒளிந்திருந்தவை வெளியே வரும் காலம் அது. உங்கள் முந்தைய மூன்று இயக்கங்களில் ஏதாவது ஒன்றாவது இந்த இடத்தில்தான் செத்திருக்கும் என்று எண்ணுகிறேன்: எண் ஏறியது, மேலே கோபம் வந்தது, கீழே எண்ணை இறக்கிக் காட்டினார்கள். ஆகவே தொடங்கும் முன்பே நிர்வாக இயக்குநரிடம் இதைச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டிய எண் வாடிக்கையாளர் புகார். அது மெதுவாகத்தான் இறங்கும், ஏற்கெனவே அனுப்பிய சரக்கு இன்னும் வழியில் இருக்கும்.

அவர் இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளாவிட்டால்? அதுவும் நடக்கலாம். அப்போதும் உங்கள் கையில் ஒன்று மிச்சம் இருக்கிறது: உங்கள் தரப்பிரிவு. ஒரு குறையோடு வருபவரை உங்கள் ஆய்வாளர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. ஆய்வு அறிக்கையில் 'கவனக்குறைவு' என்ற சொல்லையே எழுதக் கூடாது என்று நாளைக் காலையே முடிவுசெய்யலாம். அந்தச் சொல் இல்லையென்றால் உண்மையான காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். இதை ஒரே ஒரு பிரிவில் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகப் பக்கத்துப் பிரிவுக்காரர்களும் அவர்களிடம் வந்து பேச ஆரம்பித்தார்கள்.

இப்போது உங்கள் 20 நிமிடப் பேச்சு. அந்த ஆபரேட்டர் உங்களுக்குச் செய்திருப்பது பெரிய உதவி. எட்டு மாதம் காத்திருந்தும் அவர் இன்னும் வந்து சொல்கிறார் பாருங்கள்! சொல்வதை நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நாளைக்கு அவரிடம் போய், கிளாம்ப் தளர்ந்திருப்பதால் என்னென்ன ஆகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பாகம் அசைகிறதா, அதைச் சமாளிக்க அவர் ஒவ்வொரு தடவையும் கையால் செட்டிங்கைத் திருத்துகிறாரா என்று பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அப்படித் திருத்திக்கொண்டே இருந்தால் சிதறல் குறையாது, கூடத்தான் செய்யும். உங்கள் புகார்களில் சில அந்த மெஷினிலிருந்து வந்தவையாகவே இருக்கலாம். மெயின்டெனன்ஸ் பிரிவில் அந்தக் கோரிக்கை எந்த மேசையில், எதற்காக நின்றது என்றும் தேடுங்கள். ஆளைக் கண்டுபிடிக்க வேண்டாம், வழியைக் கண்டுபிடியுங்கள்.

கூட்டத்துக்கு முன்பே கிளாம்பை மாற்றிவிடுங்கள். கூட்டத்தில் ஜப்பானில் ஆரம்பிக்காதீர்கள். மூன்றாம் நம்பர் மெஷினில் ஆரம்பியுங்கள். எட்டு மாதமாக அது ஏன் நடக்கவில்லை என்பதை, அது எங்கே சிக்கி நின்றது என்பதை, யார் பெயரும் சொல்லாமல் வரிசையாகச் சொல்லுங்கள். உங்கள் பிரிவின் பங்கும் அதில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த தடவை அப்படிச் சிக்காமல் இருக்க என்ன மாற்றியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். அவருக்குச் சம்மதமானால் மாற்றியபிறகு எடுத்த அளவுகளை அவரையே படிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். மீதிப் பதினைந்து நிமிடத்தில், இதேபோல் சொல்லியும் நடக்காதவை இன்னும் என்னென்ன இருக்கின்றன என்று அவர்களைக் கேட்டு, எல்லோர் கண்முன்னே பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி போடுங்கள்.